சிவப்பு வாங்கி வைத்த ரோஜா

உத்தமபாளையத்தில் நாங்கள் வீடு வாங்கியபோது வீட்டோடு சேர்த்து ஒரு முள்புதரும் எங்களுக்கு வந்து சேர்ந்தது. பின்பக்கம், தண்ணீர்த் தொட்டிக்கும் மதில் சுவருக்கும் நடுவில் முளைத்து, ஆளுயரத்துக்கு மேல் எழும்பி, பக்கத்து வீட்டுப் பக்கம் வளைந்து கிடந்தது. துணி காயப்போடப் போனால் சேலையைப் பிடித்து நிறுத்தும். விடுவித்துக்கொண்டு நகர்ந்தால் முந்தானையைப் பிடிக்கும்.

வீட்டை விற்றவர்கள் ஒரு ராவுத்தர் குடும்பம். அந்த வீட்டுக்காரர் ஏலக்காய் வியாபாரம் செய்து ஓய்ந்தவர். மகன் கம்பத்தில் கடை வைத்திருந்ததால் கணவனும் மனைவியும் அவனோடு இருக்கப் போனார்கள். சாவி கொடுத்த நாளில் அந்த அம்மாள் என்னை ஒவ்வொரு அறையாகக் கூட்டிப் போய், எந்தக் குழாய் ஒழுகும், எந்த ஜன்னல் மழைக்காலத்தில் இறுகிக்கொள்ளும் என்று சொல்லித் தந்தார். அறுபதைத் தொட்டிருப்பார். நான் அக்கா என்று கூப்பிட்டேன். பின்பக்கம் வந்ததும் கறிவேப்பிலையைக் காட்டினார், கொய்யாவைக் காட்டினார், மருதாணியைக் காட்டினார். முள்புதரை மட்டும் காட்டவில்லை. நானாகத்தான் கேட்டேன்.

“அதுவா? ரோசுச் செடிதான். வேணாம்னா வெட்டிருங்க” என்று சொல்லிவிட்டு, மோட்டார் சுவிட்சு எங்கே இருக்கிறது என்று காட்டப் போய்விட்டார்.

அந்தத் தை மாதமே வெட்டியிருப்போம். என் கணவர் அனுமந்தன்பட்டியில் திராட்சை போட்டிருக்கிறார். கொடி கவாத்து செய்கிற கத்தரி எப்போதும் வண்டிப் பெட்டியில் கிடக்கும். அவருடைய புது வேட்டியை அந்தச் செடி முழங்காலிலிருந்து கரைவரை கிழித்த மறுநாள், கத்தரியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார். ஐந்து நிமிடத்தில் கூப்பிட்டார்.

“ஏ, இங்கன வா. மொக்கு விட்டிருக்கு.”

கொத்துக் கொத்தாக மொக்கு. ஒவ்வொன்றும் கொண்டைக்கடலை அளவில், நுனியில் மட்டும் ரோஸ் சாயம் தொட்டு வைத்தமாதிரி இருந்தது.

“பூத்து முடியட்டும். பெறகு வெட்டுவோம்” என்று கத்தரியை மடக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார். காய் பிடிக்கிற நேரத்தில் கொடியில் கை வைக்க மனம் வராத ஆள் அவர். வேட்டியைக் கிழித்த செடிக்கும் அதே சலுகை கிடைத்தது.

மாசி முதல் வாரத்தில் சுவரே தெரியவில்லை. வெளிறிய ரோஸ் நிறம். நடுவில் கிட்டத்தட்ட வெள்ளை, ஓரத்தில் மட்டும் கொஞ்சம் அழுத்தம். கடையில் விற்கிற ரோஜா மாதிரி கூம்பாக நிற்காமல், இதழ்கள் கசங்கி நெருக்கியடித்துக்கொண்டு தட்டையாக விரிந்தன. வாசம் பன்னீர் வாசமில்லை. மூக்கை வைத்து இழுத்தால் அப்போதுதான் பிரித்த டீத்தூள் பொட்டலத்தை மோந்த மாதிரி இருந்தது. இருபது நாள் அப்படிப் பூத்தது. அப்புறம் ஒன்றுமே இல்லை. மறுபடி முள்புதர்.

இந்த இருபது நாளுக்குள் நான் மாட்டிக்கொண்டேன்.

ஒரு கொத்தைப் பறித்துப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப் போனதில் தொடங்கியது. ஆசிரியர் அறையில் ஐந்து பேர் ஐந்து பெயர் சொன்னார்கள். பன்னீர் ரோஜா என்றார் ஒருவர். காஷ்மீர் ரோஜா என்றார் இன்னொருவர். தாவரவியல் எடுக்கிறவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்து, “ரோஜாக் குடும்பம்” என்று மட்டும் சொல்லித் தப்பித்துக்கொண்டார். சாயங்காலம் பேருந்து நிலையத்துப் பூக்காரம்மாவிடம் காட்டினேன். அவர் ஒரு பூவைக் காம்பைப் பிடித்து லேசாக உதறினார். பாதி இதழ் மடியில் கொட்டியது.

“பன்னீர் ரோசு இல்ல டீச்சர். அது இதவிட நெறமும் கூட, வாசமும் கூட. இத நாருல வச்சு இறுக்குனா காம்புதான் மிஞ்சும். இப்பிடி ஒண்ண நான் பாத்ததே இல்ல.”

முப்பது வருடமாகப் பூக்கட்டுகிறவர் பார்த்ததில்லை என்று சொன்னதும் எனக்கு ஆர்வம் கூடிவிட்டது. நான் கணக்கு டீச்சர். எக்ஸ் என்று வைத்துக்கொள்வோம் என்று பிள்ளைகளுக்குத் தினமும் சொல்கிறவள். வைத்துக்கொண்டால் அது என்ன என்று கண்டுபிடித்தாக வேண்டும். பாதியில் விட்டுவிட்டு மணி அடித்துவிட்டது என்று போக எனக்குத் தெரியாது.

ஒரு நாற்பது பக்க நோட்டுப் போட்டேன். பூவைப் பிரித்து, சாப்பாட்டு மேசையில் இதழ்களைப் பத்துப் பத்தாக அடுக்கி எண்ணினேன். முதல் பூவில் நாற்பத்தொன்று, இரண்டாவதில் முப்பத்தேழு, மூன்றாவதில் நாற்பத்துநான்கு. இலைக் காம்பில் ஐந்து இலை, சிலதில் ஏழு. முள் அதிகமில்லை, ஆனால் இருப்பதெல்லாம் தூண்டில் மாதிரி கீழ்நோக்கி வளைந்தவை. காலையில் ஒரு வாசம், மதியம் ஒரு வாசம், இரண்டையும் தனித்தனியாக எழுதினேன். சாப்பிட வந்த என் கணவர் தட்டை வைக்க இடமில்லாமல் நின்றார்.

“டீச்சர், பூவுக்கும் பரீட்சை வச்சிருக்கீகளா?” என்றார். கிண்டல் பண்ணும்போது மட்டும் எனக்கு மரியாதை கிடைக்கும்.

கைப்பேசியில் ரோஜாப் பிரியர்கள் குழு ஒன்றில் சேர்ந்தேன். அங்கே எல்லோரும் ரோஜாவைக் குழந்தையைப் போலப் பேசினார்கள். ‘என் மஞ்சள் இன்றைக்குச் சோர்ந்திருக்கிறாள்’ என்று ஒருவர் போட்டால் பதினைந்து பேர் ஆறுதல் சொன்னார்கள். நான் ஒன்பது படமும் நோட்டுப் பக்கமும் போட்டு, இது என்ன ரகம் என்று கேட்டேன். ஒரு நாள் முழுக்கப் பதில் இல்லை. மறுநாள் நீலகிரிப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் எழுதினார். குழுவில் அவர் சொல்வதுதான் தீர்ப்பு.

இது வெள்ளைக்காரர்கள் காலத்தில் டீ எஸ்டேட் பங்களாக்களில் படரவிட்டிருந்த மிகப் பழைய ரகம், டீ வாசம் அதற்கு அத்தாட்சி, இப்போது எங்கேயும் இல்லை என்று நினைத்திருந்தோம், உங்கள் வீட்டில் தப்பிப் பிழைத்திருக்கிறது, ஒரு கிளைகூட வெட்டாதீர்கள் என்று எழுதியிருந்தார். கீழே நாற்பது பேர் கைகூப்பி வணங்குகிற படம் போட்டிருந்தார்கள்.

வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்கு வெளியூரில் பேர் கிடைத்தது. எஸ்டேட் பங்களா என்றதும் எனக்கு மேகமலை ஞாபகம் வந்தது. சின்னமனூரிலிருந்து ஏறினால் மேலே முழுக்க டீத்தோட்டம். எங்கள் செடி அங்கிருந்துதான் இறங்கி வந்திருக்க வேண்டும் என்று முடிவு கட்டி, ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவரையும் இழுத்துக்கொண்டு போனேன். வேலி வேலியாக எட்டிப் பார்த்தேன். ரோஜா இருந்தது, எங்கள் ரோஜா இல்லை. ஒரு பங்களாக் காவலாளி என்னைச் சந்தேகமாகப் பார்த்து, “யாரத் தேடுறீக?” என்று கேட்டார். ரோஜாவை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. கணவர் டீக்கடையில் உட்கார்ந்து நான்கு பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு, நல்ல குளிர் என்று திருப்தியாக இறங்கினார்.

அடுத்து, குமுளியில் தங்கும் விடுதி நடத்துகிற ஒரு அம்மா அந்தக் குழுவிலிருந்து பேசினார். மலையாளம் கலந்த தமிழ். தொலைந்துபோன ரோஜாவைக் கண்ணால் பார்த்தே ஆகவேண்டும் என்று, மலை இறங்கி ஆடி மாதக் காற்றில் வந்து சேர்ந்தார். நான் அவரைப் பின்பக்கம் கூட்டிப் போனேன். அங்கே புழுதி படிந்த முள்ளும், அதில் சிக்கிய ஒரு பிளாஸ்டிக் பையும் இருந்தன.

“இதாணோ?” என்றார்.

“மாசியிலதான் பூக்கும்” என்றேன்.

அந்தப் பையை முள்ளிலிருந்து எடுத்துப் போட்டார். பிறகு சிரித்துவிட்டு, “சாரமில்ல, பரவால்ல டீச்சரே, ஒம்பது கம்பு தாங்க” என்றார். என் கணவரே கத்தரியால் பென்சில் கனத்தில் ஒன்பது குச்சி வெட்டி, ஈரப் பேப்பரில் சுற்றிக் கொடுத்தார். ஒரு மாதம் கழித்து அவரிடமிருந்து படம் வந்தது. ஒன்பதும் துளிர்த்திருந்தன.

அதைக் கணவரிடம் காட்டினேன். அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

“ஒம்பதுக்கு ஒம்பதா? அவ்வளவு அருமையான ரகம்னு சொல்றாக. நல்ல சாதிக் குச்சி பத்து ஊனுனா நாலு பிடிக்கிறதே பெருசு. இது வேலிக்கு ஊனுன கம்பு மாதிரில்ல பிடிக்குது.”

எனக்கு அது பிடிக்கவில்லை. மலை மண்ணின் ராசி என்று சொல்லிவிட்டேன்.

நீலகிரிப் பெரியவர் விடவில்லை. செடி எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் ரகத்தை உறுதிசெய்துவிடலாம், பழைய வீட்டுக்காரர்களைக் கேளுங்கள் என்று மூன்று தடவை எழுதினார். கேட்பதற்கென்ன என்று அந்தப் புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை நான் மட்டும் பேருந்தேறிக் கம்பத்துக்குப் போனேன்.

அக்கா என்னைப் பார்த்ததும் சந்தோஷப்பட்டார். சமோசாவும் டீயும் வந்தன. குழாய் ஒழுகுகிறதா, கொய்யா காய்க்கிறதா என்று வரிசையாக விசாரித்தார். நான் கைப்பேசியில் பூப்படத்தை எடுத்துக் காட்டினேன்.

“இந்தச் செடி எங்கன வாங்குனீகக்கா?”

படத்தை ஒரு பார்வை பார்த்தவர் எழுந்து, டீ டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். என் டம்ளரில் பாதி டீ இருந்தது.

நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவர் கணவர்தான் பதில் சொன்னார். “கொடைக்கானல்ல வாங்குனது. மக கல்யாணத்துக்கு முந்தி எல்லாருமாப் போயிருந்தம்ல, அப்ப. ஆனா அது செவப்பு ரோசு. நல்ல கருஞ்செவப்பு. நீங்க காட்டுறது வேற பூவு.”

“இல்லங்கய்யா, தொட்டிக்குப் பக்கத்துல இருக்கிறதுதான்.”

“அங்கன வச்சது செவப்புதான். நான்தான குழி தோண்டுனேன்” என்றார். பிறகு தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

நான் அடுப்படிக்குப் போனேன். அக்கா கழுவின டம்ளரையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தார். தப்பாக எதுவும் கேட்டுவிட்டேனா என்றேன். குழாயை மூடினார். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார்.

“செவப்புதான் ஆத்தா வாங்குனேன். மக ஆசப்பட்டு எடுத்தது. கல்யாணமாகி அவ கோயமுத்தூரு போன வருசம் பூராவும் தட்டுத் தட்டாப் பூத்துச்சு. பெறகு வெளுத்துப் போச்சு.”

“எப்படி வெளுத்துச்சு?”

“என் வாயாலதான்.”

மகளுக்கு முதல் பிரசவம். ஏழாம் மாதம் கூட்டி வந்து தன் வீட்டில் வைத்துப் பார்க்க அக்கா எல்லாம் தயார்பண்ணி வைத்திருந்தார். தொட்டில் கட்டக் கொக்கிகூட மாட்டியாகிவிட்டது. மகளுக்கு ரத்த அழுத்தம் இருந்தது. பார்க்கிற டாக்டர் கோயம்புத்தூரில், அதனால் இங்கேயே இருந்துகொள்கிறேன், மாமியார் பார்த்துக்கொள்வார் என்று மகள் போனில் சொல்லிவிட்டாள். அக்காவுக்கு அந்தக் கடைசி வார்த்தைதான் தைத்தது.

“பெறுறதுக்கு ஆத்தா வீடு வேணாம்னா, இனி எதுக்கும் வராதண்டு சொல்லிப்புட்டேன். போன வச்சுட்டேன். எட்டு மாசம் பேசல. பேரன் மொகத்தையே போட்டோவுலதான் பாத்தேன். அடுத்த மாசியில செடியப் பாத்தா இப்பிடி, சாம்பப் பூத்த மாதிரி. என் சொல்லு அதுல எறங்கிருச்சுன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு.”

“அப்புறம் மக வந்தாங்கல்ல?”

“வந்தா. நானே போய்க் கூட்டியாந்தேன். அவ மறந்தும் போனா. செடிதான் மறக்கல. வருசா வருசம் பூத்துக் காட்டுச்சு. நான் ஒரு பூவுகூடப் பறிக்கல. வெட்டவும் பயமா இருந்துச்சு. அதான் ஒங்களயாவது வெட்டச் சொன்னேன்.”

இதை அவர் கணவரிடம்கூடச் சொன்னதில்லை என்றார். ஏலக்காய்க்கு அலைந்தவர், பின்பக்கம் பூத்ததைப் பார்த்ததே இல்லையாம். பூ நிறம் மாறுவதற்கு மண்ணில் ஏதாவது இருக்கும், உரத்தில் ஏதாவது இருக்கும் என்று எனக்கே நம்பிக்கையில்லாமல் ஏதோ சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டில் கணவர் தோட்டத்துக்கு மருந்தடித்துவிட்டு வந்து வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். பாதிவரை ‘ம்’ கொட்டிக்கொண்டிருந்தவர், செவப்பு வெளுத்துப்போச்சு என்ற இடத்தில் தண்ணீர்ச் செம்பை வைத்துவிட்டார்.

“என்ன சொன்ன? நெறம் மாறுச்சா? பூ உருவமும் மாறிருக்குமே. செவப்பு வருசம் முழுக்கப் பூத்துச்சா?”

“பூத்துச்சாம்.”

“இது மாசியில மட்டும்தான பூக்குது” என்றார். பிறகு களைக்கொத்தை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார்.

செடியின் அடியில் உட்கார்ந்து, முள்ளை ஒரு கையால் சாக்கு போட்டு ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, மண்ணைச் சுரண்டினார். நான் பக்கத்தில் குந்தினேன். ஒரு சாண் தோண்டியதும் விரலால் மண்ணைத் தள்ளி ஒரு இடத்தைக் காட்டினார். முட்டி மாதிரி புடைத்த ஒரு கணு. அதற்கு மேலே கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு செத்த குச்சி, கறுத்து, உளுத்து, தொட்டதும் கையோடு வந்துவிட்டது. கணுவுக்குக் கீழே வேர்ப்பக்கத்திலிருந்துதான் இப்போது இருக்கிற தண்டு அத்தனையும் புறப்பட்டிருந்தது.

“ஒட்டுச்செடி” என்றார். “நம்ம விதையில்லாத் திராட்சைய எப்பிடிக் காட்டு வேருல ஒட்டுக் கட்டுறோம், அதே மாதிரி. கீழ ஒரு முரட்டுச் செடி, மேல நல்ல செடி. கீழ இருக்கிறது வேருக்கு மட்டும்தான். அது தழைக்க விடாம வெட்டிக்கிட்டே இருக்கணும். இங்கன மேல இருந்த செவப்பு எப்பவோ செத்துப் போச்சு. கீழ இருந்தது கிளம்பி வந்துருச்சு. வெளுக்கவும் இல்ல, சாபமும் இல்ல. இது வேற ஆளு.”

எனக்கு முதலில் வந்தது அக்காவின் ஞாபகம் இல்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். நாற்பது பக்க நோட்டும், கைகூப்பிய நாற்பது பேரும், மேகமலையும்தான் வரிசையாக வந்தன. இவ்வளவு நாள் நான் இதழ் எண்ணிக்கொண்டிருந்தது ஒரு வேர்ச்செடிக்கு.

“மொதல்லயே சொல்லியிருக்கலாமில்ல?” என்றேன்.

“செவப்புன்னு யாரு சொன்னா எனக்கு?” என்றார். நியாயம்தான்.

இருந்தாலும் உறுதியாகத் தெரியாமல் விட மனமில்லை. தோண்டிய கணுவைப் படமெடுத்து, நடந்ததை மறைக்காமல் எழுதிக் குழுவில் போட்டேன். இந்தத் தடவை இரண்டு நாள் மௌனம். மூன்றாம் நாள் ஒரு புது எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. ஓசூர்ப் பக்கம் ஒரு நாற்றுப்பண்ணையில் ரோஜாவுக்குக் கண் கட்டுகிறவர் பேசினார். கண் கட்டுவது என்றால், நல்ல ரோஜாவின் ஒரு மொட்டை மட்டும் சீவி எடுத்து, முரட்டுச் செடியின் தண்டில் பட்டையைக் கீறிச் செருகிக் கட்டுவது. அவருடைய முதலாளி அந்தக் குழுவில் இருக்கிறாராம். அவர் காட்டித்தான் படத்தைப் பார்த்தாராம்.

“மேடம், அந்த இலையும் முள்ளும் எனக்கு நல்லாத் தெரியும். பதினெட்டு வருஷமா அதுலதான் கண்ணு கட்டுறேன். எந்த ரோஜா கேட்டாலும் எங்க பண்ணையில அடியில அதுதான் இருக்கும்.”

“அதோட பேரு என்ன?”

“நாங்க அடிச்செடிம்போம். காகிதத்துல ஏதோ நீளமா ஒரு பேர் எழுதுவாங்க, எனக்கு வாயில வராது.” கொஞ்சம் தயங்கினார். “நான் பேசுனது அதுக்கில்ல மேடம். அந்தப் பூப்படம் இன்னும் இருந்தா அனுப்புறீங்களா? கண்ணு பிடிச்சதும் தலையை வெட்டிடுவோம். அது பூத்து நான் பார்த்ததே இல்ல.”

இருந்த படம் எல்லாவற்றையும் அனுப்பினேன். சுவர் தெரியாமல் பூத்திருந்ததையும் அனுப்பினேன். ‘இவ்ளோ பூக்குமா’ என்று மட்டும் பதில் வந்தது. கொஞ்ச நாள் கழித்துப் பார்த்தேன், அவருடைய எண்ணில் முகப்புப் படமாக எங்கள் வீட்டு மதில் சுவர் இருந்தது.

அந்த நீளமான பெயரையும் பிறகு கேட்டு வாங்கி நோட்டில் எழுதிக்கொண்டேன். இரண்டு வரி பிடித்தது. நீலகிரிப் பெரியவர், தனக்கு ஆரம்பத்திலிருந்தே ஒரு சந்தேகம் இருந்ததாக எழுதினார். குமுளி அம்மா சிரித்துக்கொண்டே போன் செய்தார். எட்டுச் செடியில் தன்னிடம் இருக்கிற மஞ்சள் ரோஜாவை ஒட்டுக் கட்டப் போவதாகவும், ஒன்றை மட்டும் அப்படியே பூக்க விடப் போவதாகவும் சொன்னார்.

அடுத்த சனிக்கிழமை அந்தச் செத்த குச்சியை ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு கம்பத்துக்குப் போனேன். அக்கா மட்டும் இருந்தார். குச்சியை அவர் கையில் கொடுத்தேன்.

“இதுதான்க்கா ஒங்க செவப்பு.”

ஒட்டுச்செடி என்றால் என்ன, மேலே இருந்தது எது, கீழே இருந்தது எது என்று பேப்பரில் படம் போட்டுக் காட்டினேன். கரும்பலகை இல்லாதது ஒன்றுதான் குறை. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். குச்சியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அப்ப நான் சொன்னதுக்கும் இதுக்கும்…”

“சம்பந்தமே இல்லக்கா. செவப்பு வெளுக்கல. செத்துப் போச்சு. இது வேற செடி.”

“எதுனால செத்துச்சு?”

“தெரியலக்கா. தண்ணி பத்தாம இருந்திருக்கலாம். கோடையில ஒட்டுப் பக்கம் காஞ்சா அப்பிடி ஆகுமாம்.”

அக்கா யோசித்தார். விரல் விட்டு மாதங்களை எண்ணினார். “அந்தச் சித்திரையில நான் வீட்டுல இல்ல ஆத்தா. மக மேல கோவத்துல பெரியகுளத்துல என் தங்கச்சி வீட்டுக்குப் போயி ரெண்டு மாசம் உக்காந்துக்கிட்டேன். இவக ஏவாரத்துக்குப் போயிட்டாக. வீடு பூட்டித்தான் கெடந்துச்சு.”

தண்ணீர்ப் பேச்சை ஏன் எடுத்தோம் என்று நினைத்தேன். சாபத்திலிருந்து மீட்டுக்கொண்டு வந்து வேறொரு குற்றத்தில் மாட்டிவிட்டோமோ என்று பயமாக இருந்தது. ஆனால் அக்கா பெருமூச்சு விட்டார். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

“அப்ப தண்ணி ஊத்தாமத்தான் செத்துருக்கு” என்றார். “தண்ணி ஊத்தாட்டி சாகத்தான் செய்யும். அதுக்கு யாரு என்ன பண்ண முடியும்?”

சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணும் நிறைந்தது. இத்தனை வருசமா என்று மட்டும் இரண்டு தடவை சொன்னார். அன்றைக்கு என் டம்ளரை நான் காலிபண்ணும்வரை எடுக்கவில்லை.

இதை நான் எழுதலாமா என்று பிற்பாடு கேட்டேன். “பேரு போட்டுறாத ஆத்தா. மக படிச்சா சண்டைக்கு வருவா” என்றார். போடவில்லை.

இந்த மாசியில் அவர் மகளோடும் பேரனோடும் வந்தார். செடி வழக்கம்போலச் சுவரை மறைத்திருந்தது. மகள் கைப்பேசியை எடுத்துப் படமெடுக்கத் தொடங்கிவிட்டாள். அக்கா கொஞ்ச நேரம் தொட்டியோரமே நின்றார். பிறகு நேராகப் போய், ஒரு கொத்தை வளைத்து, முள்ளைப் பார்த்துப் பிடித்து ஒடித்தார். மகளின் தலையில் வைக்கப் போனார். வைத்த கையோடு பாதி இதழ் அவள் தோளில் கொட்டியது.

“இவ்வளவு அழகா இருக்கு. நான் வந்தப்பல்லாம் இது கிட்டயே விடமாட்டீகளே, ஏம்மா?” என்று மகள் கேட்டாள்.

அக்கா என்னைப் பார்க்கவில்லை. நான் கொய்யா மரத்தைப் பார்த்தேன்.

“முள்ளு” என்றார் அக்கா. “தலைய ஆட்டாத, இன்னொண்ணு வைக்கிறேன்.”